கள்ளச் சாவிக்காரன்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அந்த மூன்றாம் வகுப்பையும் முழுசாக முடிக்கவில்லை. இடிந்த கட்டிடங்களில் கிடந்த வளைந்த ஆணிகளைப் பொறுக்கி, கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி விற்றவன். இன்றைக்குத் தெருமுனையில் நிற்கிற மூன்று மாடிக் கட்டிடம் என்னுடையது. கீழே இரும்புச் சாமான் கடை, மேலே மகன், அதற்கும் மேலே மகள். 'ஆணிக்கடை' என்றால்தான் என்னைத் தெரியும். என் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே முழிப்பார். கிழவன் பீற்றிக்கொள்கிறான் என்று தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும். உழைத்தவன் பீற்றிக்கொள்ளாமல், உட்கார்ந்து தின்றவனா பீற்றிக்கொள்வான்?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது எதிர்ப்புறத்து ஆளைப் பற்றி. என் கடைக்கு எதிரே டிரான்ஸ்பார்மருக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்கடை இருந்தது. ஒரு ஆள் உட்காரலாம், அதுவும் முழங்காலை மடித்துக்கொண்டு. அதற்குள் சாவிக்காரன் உட்கார்ந்திருப்பான். மடியில் ஒரு பலகை, பலகையில் சாவியை இறுக்கிப் பிடிக்கச் சின்னதாக ஒரு பிடிசிராவி, கையில் அரம். பல் வெட்டாத சாவிகளை என் கடையில்தான் வாங்குவான். வாங்கிய அன்றே காசு கொடுத்துவிடுவான். என்னிடம் அப்படி நடந்துகொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெட்டிக்கடையின் நெற்றியில் ஒரு பலகை. என் கடையில் மிஞ்சிய பெயிண்டை வாங்கிப்போய் அவனே எழுதியது.

'இங்கே கள்ளச் சாவி போட்டுக் கொடுக்கப்படும்.'

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பூட்டோடு வருகிறது நல்ல சாவி, பிறகு செய்கிறது கள்ளச் சாவி. என் அம்மா அப்படித்தான் சொல்வாள், அவன் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். குழந்தை தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் கள்ளத் தூக்கம் என்கிறோம். அதற்காகக் குழந்தையைப் போலீசில் பிடித்தா கொடுக்கிறோம்?

போகிறவர் வருகிறவர் கிண்டல் பண்ணுவார்கள்.

"ஏம்ப்பா, இந்தப் போர்டைப் போலீஸ் ஸ்டேஷன் எதிர்ல மாட்டிப் பாரேன்."

"அங்கதான் சார் முதல்ல கடை போட்டேன். பீரோ சாவியத் தொலைச்சுட்டு முதல் ஆளா வந்து நின்னதே இன்ஸ்பெக்டர்தான்."

அவன் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். பூட்டுத் தொழிற்சாலையில் அரம் பிடித்தவன். ஒருநாள் காலையில் எல்லோரும் வேலைக்குப் போனால் வாசல் கேட் பூட்டிக் கிடக்கிறது. முதலாளி நஷ்டம் என்று இரவோடு இரவாகப் போய்விட்டார். கேட்டில் தொங்கியது அவர்களே செய்த பூட்டு. "டேய், உனக்குத்தான் தெரியுமே, திற. உள்ளே நம்ம சாமானெல்லாம் கிடக்கு" என்று கூட இருந்தவர்கள் கெஞ்சினார்கள். இவன் மாட்டேன் என்றுவிட்டானாம். "அது நாம செஞ்ச பூட்டு. தெருவுல நின்னு கம்பி விட்டுத் திறந்தா நமக்குத்தான் கேவலம்." தன் சோற்றுப் பாத்திரமே உள்ளே இருந்தும் திறக்கவில்லை. நானாக இருந்தால் திறந்து, பாதி இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து தனிப் பட்டறை போட்டிருப்பேன். நான் நான்தான், அவன் அவன்தான்.

அவன் பெண்டாட்டி எங்கள் தெருவில் வீட்டு வேலை பார்த்தாள். பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது. குள்ளமாக இருப்பாள், குரல் மட்டும் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். பிள்ளை இல்லை. அவளுடைய தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கினார்கள். ஆளானதும் அவன் போய்விட்டான். கை அவனுக்கு, வாய் அவளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட குடும்பம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கும் வாய் நீளும்: பூட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால்.

பல் டாக்டர் ஒருமுறை வீட்டுச் சாவிக்கு நகல் செய்ய வந்தார். அவர் மனைவி அடிக்கடி சாவியைத் தொலைப்பவர். இவன் அரத்தை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில் டாக்டர். நீங்க பல்லைப் பிடுங்கறீங்க. நான் பல்லு வெட்டறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அந்தச் சிரிக்காத முகம் நினைவுக்கு வருகிற மாதிரி ஒரு காரியம் நடந்தது.

டாக்டர் குடும்பம் வெளியூர் போய்த் திரும்பியபோது அலமாரியில் நகை இல்லை. வாசல் கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. அதுதான் வினை. பூட்டை உடைத்திருந்தால் யாரோ திருடன் என்று ஊர் பேசியிருக்கும். உடையாததால் எல்லோருடைய கண்ணும் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் கண்ணில் படாமல் தொங்கிய பலகையை அன்றிலிருந்து எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

நேரம் கெட்டால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும். அதே சமயம் நகராட்சி நடைபாதையைப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்க முடிவு செய்தது. நடைபாதைக் கடைகள் எல்லாம் போக வேண்டும். தெருக்காரர்கள் கூடி, 'இந்தக் கடை இருக்கட்டும், எங்களுக்குத் தேவை' என்று ஒப்புக்கொண்டால் மட்டும் விட்டுவைப்பார்கள். அதற்குத்தான் கூட்டம். 'நலம், தூய்மை, பாதுகாப்பு – தெருவாசிகளும் நகராட்சியும் கலந்து பேசுதல்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சாவிக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: கூட்டத்தில் கை தூக்கினால் மூலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வேறு தெருவுக்குப் போகலாமே என்றால், எல்லாத் தெருவிலும் இதே கல்தான் பதிக்கிறார்கள்.

கூட்டத்தன்று மதியம் என் கடைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"போர்டை இறக்கிட்டியா?" என்றேன்.

"எதுக்குண்ணே? சரியான வார்த்தைதானே எழுதியிருக்கேன்."

"வார்த்தை சரிதான்டா. படிக்கிறவன் சரியில்லை. போகட்டும், கூட்டத்துல வாயைத் திறக்காதே. தலையைக் குனிஞ்சு நில்லு. பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்."

"தப்பு பண்ணாதவன் எதுக்குண்ணே தலை குனியணும்?"

"தப்பு பண்ணவன் குனியமாட்டான்டா. நிமிர்ந்து நின்னே தப்பிச்சுருவான். பண்ணாதவன்தான் குனியணும். சொன்னா கேளு."

சரி என்றான். நானும் நம்பினேன்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் கவுன்சிலர் அம்மா, பக்கத்தில் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர், அவருக்குப் பக்கத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர். தலைவர் மின்வாரியத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் யார் வீட்டு விளக்கையும் எரிய வைத்தவர் அல்ல, கையெழுத்துப் போட்டவர். நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு எப்போதும் முன் வரிசைதான். சாவிக்காரனும் பெண்டாட்டியும் பின்சுவரோரம் நின்றார்கள். பின்வரிசை நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

முதலில் கொசு. கொசு எங்கள் வீட்டில் உற்பத்தி ஆகவில்லை என்று எல்லோரும் சத்தியம் பண்ணினார்கள். அடுத்தது நாய். நாய் யாருடையதும் இல்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் சோறு தின்று கொழுத்திருக்கிறது. பிறகு குப்பை. அந்த ஹாலில் குப்பை போடுகிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் போட்டது. பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார், அவர் தனக்குப் பக்கத்து வீட்டைக் காட்டினார். அப்படியானால் தெருவில் கிடப்பது வானத்திலிருந்து விழுந்ததாகத்தான் இருக்கும். ஆய்வாளர் எல்லாவற்றுக்கும் "கவனிக்கிறோம்" என்றார்.

கடைசியாகப் பாதுகாப்பு. பல் டாக்டர் எழுந்தார்.

"என் வீட்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும். நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா பூட்டு உடையலை. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் பின்சுவரைப் பார்த்துத் திரும்பின. ஒரு அம்மா தன் போனில் எடுத்து வைத்திருந்த பலகைப் படத்தை மேசைக்கு நீட்டினார். கவுன்சிலர் அம்மா படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"கள்ளச் சாவியா? போர்டே மாட்டி வெச்சிருக்காரா? பரவால்லையே, திருட்டுக்கு விளம்பரம்!"

ஹால் முழுக்கச் சிரித்தது. அவன் பெண்டாட்டி பின்னாலிருந்து கத்தினாள். "நல்ல சாவி தொலைஞ்சா செஞ்சுக்கறதுக்குப் பேரு அதுதாம்மா. உங்க வீட்டுல வேற பேரா?"

"நீ இரும்மா. அவர் பேசட்டும்" என்றார் தலைவர். சாவிக்காரனை முன்னால் கூப்பிட்டு மேசை எதிரில் நிறுத்தினார். "நம்ம தெருவுல எத்தனை வீட்டுக்குச் சாவி போட்டுக் கொடுத்திருக்கே?"

"முக்காவாசி வீட்டுக்கு இருக்கும் சார்."

"அப்ப முக்காவாசி வீட்டுக்குள்ள நீ நினைச்சா போகலாம்."

இதற்குத்தான் நான் தலையைக் குனியச் சொன்னேன். இந்த இடத்தில் குனிந்திருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் பேச்சு பூட்டுக்கு வந்துவிட்டதே!

"முக்காவாசி எதுக்கு சார், மீதிக் கால்வாசிக்குள்ளயும் போகலாம். எனக்குச் சாவி எதுக்கு? உங்க வீட்டு முன்கதவுல ஒண்ணு தொங்குதே, அது பூட்டா சார்? அதுக்குப் பேரு பொத்தான். இந்தக் கவுன்சிலர் அம்மா தலையில இருக்கற ஊசி போதும்." மூச்சு வாங்காமல் டாக்டர் பக்கம் திரும்பினான். "அதனாலதான் சொல்றேன். கள்ளச் சாவி போட்டுத் திறக்கற அவசியம் எனக்கு இல்லை. சாவியப் போட்டுத் திறந்தவன் சாவி கையில கெடைக்கற ஆளாத்தான் இருப்பான். வீட்டுக்குள்ள விசாரிங்க டாக்டர்."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட நல்ல நியாயம் இல்லை என்று அவன் நினைத்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் முகம் மட்டும் சிவந்தது.

சுகாதார ஆய்வாளர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். "வாய் நல்லா பேசுது. அந்த பீரோவைத் திற பார்க்கலாம். சாவி தொலைஞ்சு ரொம்ப நாளாச்சாம்."

ஹால் மூலையில் பள்ளிக்கூடத்து இரும்பு பீரோ நின்றது. நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், இருமிக்கூடப் பார்த்தேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. தொழிற்சாலை மூடிய பிறகு, நாலு படித்தவர்கள் முன்னால் அவன் வேலையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தான். ஓட்டையில் விட்டான். காதைக் கதவில் வைத்துக்கொண்டு, மனைவியிடம் ரகசியம் கேட்கிற மாதிரி கண்ணை மூடினான். நான் ஒரு கொட்டாவி விடுவதற்குள் கதவு திறந்துகொண்டது. உள்ளே கிழிந்த வரைபடமும் சாக்பீஸ் டப்பாவும் இருந்தன. ஒரு கரப்பான் பூச்சி இறங்கி ஓடியது.

அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். முகத்தில் சிரிப்பு. கைதட்டுவார்கள் என்று நினைத்துவிட்டான்.

யாரும் தட்டவில்லை. என் பக்கத்து அம்மா மடியில் கிடந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். சர்ரென்று அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. தீர்ப்பு அதுதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயாலும் கெட்டான், கையாலும் கெட்டான்.

நான் எழுந்தேன். நான் எழுந்தால் கூட்டம் அடங்கும். "இவன் இந்தத் தெருவுல உட்கார்ந்து எத்தனை வருஷமாச்சு? ஒரு குண்டூசி காணாமப் போயிருக்கா? இவனை எடுத்துட்டா, நாளைக்கு உங்க கதவு சாத்திக்கிட்டா யாரைக் கூப்பிடுவீங்க?" என்றேன்.

"அண்ணே, நீங்க அவருக்குச் சாமான் விக்கறவர். உங்க பேச்சை எப்படிக் கணக்குல எடுத்துக்கறது?" என்றார் தலைவர்.

"உங்க வீட்டுக்குக் கம்பியும் நான்தான் வித்தேன். அப்ப உங்க வீட்டையும் எடுத்துரலாமா?"

சிரித்தார்கள். என் பேச்சுக்குச் சிரிப்பு நிறைய விழுந்தது, கைதான் உயரவில்லை. நான் வாய் திறந்து கேட்டு நடக்காமல் போன காரியம் என் ஆயுசில் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று.

கவுன்சிலர் அம்மா தலைவரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாக என்றாலும் முன் வரிசைக்குக் கேட்டது. "சந்தேகம், திருட்டுன்னு எல்லாம் தீர்மானத்துல எழுத முடியாது. கேஸ் கீஸ்னு வந்து நிப்பாங்க."

"சுகாதாரம்னு போட்டுக்கலாம்மா," என்றார் ஆய்வாளர். "இரும்புப் பொடி சாக்கடையை அடைக்குது. தண்ணி நிக்குது, கொசு வருது. குழந்தைங்க கால்ல வேற குத்துது."

கொசுவுக்கு இதுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை அல்லவா? இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டான். கடையை எடுக்கலாம் என்று கைகள் எல்லாம் உயர்ந்தன.

"சார், பொடியை நான் கீழே விடறதே இல்லை சார்," என்றான் சாவிக்காரன். உண்மைதான். இரும்புப் பொடியைக் காந்தம் வைத்து எடுப்பான், பித்தளைப் பொடியைப் பலகையிலிருந்து டப்பாவில் வழித்து வைப்பான். சாயங்காலம் அவன் எழுந்துபோன இடத்தில் வெறும் காலோடு நடக்கலாம். "வந்து பாருங்க சார், டப்பா கூட..."

"முடிஞ்சு போச்சுப்பா," என்றார் யாரோ.

பெண்டாட்டி வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க போலாம். இன்னும் எந்த பீரோவைத் தொறந்து காட்டப் போறீங்க?"

அடுத்த வாரமே திருடன் கிடைத்துவிட்டான். டாக்டரின் மச்சான், அதாவது டாக்டர் மனைவியின் தம்பி. அக்கா தொலைத்துவிட்டதாகச் சொன்ன சாவிகளில் ஒன்று அவன் பையில்தான் இருந்திருக்கிறது. நகையை விற்கப்போன இடத்தில் மாட்டிக்கொண்டான். டாக்டர் ஸ்டேஷனுக்குப் போய், இது குடும்ப விஷயம் என்று புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சாவிக்காரன் பெண்டாட்டி அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். அக்காவும் தம்பியும் போட்ட சண்டை சமையலறைவரை கேட்டிருக்கிறது. ஈரக் கையோடு என் கடைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே! ஆள் கெடச்சுட்டான் அண்ணே! வீட்டு ஆளுதான்! என் புருஷன் சொன்னது அப்படியே பலிச்சுருச்சு!"

தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றிருந்தது தீர்ந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். வியாபார நேரத்தில் நான் கடைப் படி இறங்குகிறவன் அல்ல, அன்று இறங்கினேன். சாவிக்காரனைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன்.

தலைவர் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்தது. "கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்ப்பா. நான் உன்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை."

"அப்ப அந்தத் தீர்மானம் சார்..." என்று இழுத்தான் சாவிக்காரன்.

"எந்தத் தீர்மானம்?"

"என் கடையை எடுக்கச் சொல்லிப் போட்டது சார்."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்? தீர்மானத்துல திருட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா? அது சுகாதாரத்துக்காகப் போட்டது." செடியிலிருந்து காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். "திருடன் கெடச்சுட்டா கொசு போயிருமா? நீயே சொல்லு."

நான் எத்தனையோ எத்தர்களைப் பார்த்தவன். எடையில் ஏமாற்றியவன், துருவுக்குப் பெயிண்ட் அடித்து விற்றவன், எல்லோரையும் மடக்கியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு பூட்டை நான் பார்த்ததில்லை. கம்பி விட்டு நெம்புவதற்கு அதில் ஓட்டையே இல்லை. நான் கோபத்தில் சத்தம் போட்டேன். "ஏன் அண்ணே டென்ஷன் ஆகறீங்க? உங்க வயசுக்கு ஆகாது" என்று எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சாவிக்காரனுக்குச் சொல்லவில்லை.

இருவரும் திரும்பி நடந்தோம். தெருமுனை வந்ததும் கேட்டான். "அண்ணே, என்னைத் திருடன்னு எழுதியிருந்தா, இன்னிக்கு அந்தத் தீர்மானத்தை அடிச்சு அழிச்சிருப்பாங்க இல்ல?"

"ஆமாடா."

"திருடன்னே எழுதியிருக்கலாம்."

அப்புறமும் அவன் சும்மா இருக்கவில்லை. நகராட்சி ஆபீசுக்கு நடந்தான். ஆய்வாளர் வெளியே போயிருப்பார், இல்லாவிட்டால் கூட்டத்தில் இருப்பார், இரண்டும் இல்லாவிட்டால் "கவனிக்கிறோம்" என்பார். பொடி வழித்த டப்பாவை ஒருநாள் கையோடு கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். வாசல் காவலாளி, குப்பையை ஆபீசுக்குள் கொண்டுவராதே என்று விரட்டிவிட்டான். அந்த நடையில் கடையைக் காலி பண்ண வேண்டிய நாள் தாண்டிவிட்டது.

ஒருநாள் காலை நான் கடை திறக்கும்போதே குப்பை லாரி வந்து நின்றது. துப்புரவு ஆட்கள் சம்மட்டியோடு இறங்கினார்கள். சாவிக்காரன் வருகிற நேரம்தான். தெருக்கோடியிலிருந்து லாரியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். ஓடி வரும்போதே சாவியைக் கையில் தூக்கிக் காட்டினான். "இருங்கப்பா! பூட்டியிருக்கு! நான் திறந்து விடறேன், சாமான் எடுத்துக்கறேன்!"

மேற்பார்வைக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் மூணு தெரு இருக்கு. அடிங்கடா."

அடித்தார்கள். அது அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் அவன் கையாலேயே முடித்த பூட்டு. சம்மட்டிக்கு அது அசையவில்லை. கதவுத் தகரம் கிழிந்தது, கொண்டி பிய்ந்து வந்தது. பிடிசிராவியும் அரங்களும் சாவி மாலைகளும் சரசரவென்று தெருவில் கொட்டின. அள்ளி லாரியில் போட்டார்கள். பூட்டியது பூட்டியபடி அந்தப் பூட்டு மட்டும் கொண்டியோடு சாக்கடை ஓரம் கிடந்தது. அவன் குனிந்து எடுத்து, சாவியைப் போட்டுத் திறந்து, திரும்பப் பூட்டிப் பார்த்தான். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

மாடிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். நானும் பார்த்தேன், ஓடிப்போய் ஒரு அரத்தை மட்டும் பிடுங்கி வைத்தேன். அவன் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தபோது, டாக்டர் வீட்டம்மா மேலிருந்து குனிந்து கூப்பிட்டார். "கத்தறதைக் கொஞ்சம் நிறுத்திட்டு வந்து கணக்கை முடிச்சுக்கோ. வீட்டு விஷயத்தைத் தெருவுல சொல்ற ஆளு இனிமே எங்களுக்கு வேண்டாம்."

மற்ற வீடுகளில் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் துணி துவைக்கிற மெஷின் வாங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் மருமகள் வந்துவிட்டாள். தலைவர் வீட்டில், உனக்கும் வயசாகிறது, ஓய்வு எடுத்துக்கோ என்று அன்பாகச் சொன்னார்கள். காரணத்தை நேரே சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்புக்கு என்ன பதில் சொல்ல? அந்தக் குரல் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கேட்கவில்லை.

மூலையில் புதுக் கல் பதித்து, ஒரு சிமென்ட் பெஞ்சு போட்டு, சங்கத்தின் பெயரை எழுதினார்கள். சாக்கடை நாற்றத்தில் யாரும் அதில் உட்காருவதில்லை. கொசு முன்பைவிட ஜாஸ்தி.

நான் ஒரு சாவி வெட்டும் மெஷின் வாங்கிப் போட்டேன். தெருவுக்குத் தேவை இருக்கிறது, நான் வியாபாரி. அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"என் கடையில உட்காரு. மாசச் சம்பளம். மேல நல்ல கூரை, காத்தாடி இருக்கு. ரசீது போட்டுக் குடுத்தா இதே ஜனம் வரிசையில வந்து நிக்கும்."

"நிக்கும் அண்ணே. அதான் எனக்கும் தெரியுதே." மெஷினைத் தொட்டுப் பார்த்தான். "உங்க கூரைக்குக் கீழ உட்கார்ந்தா நான் யோக்கியன். என் கூரைக்குக் கீழ உட்கார்ந்தா கொசு. வேண்டாம் அண்ணே."

"திமிரு சோறு போடாதுடா."

"உங்களுக்குப் போட்டுச்சே அண்ணே."

அந்த அரத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு முறை கூப்பிடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. வேறு ஆள் போட்டேன். ஜனம் வரிசையில்தான் நிற்கிறது. தலைவர் தன் புதுப் பூட்டுக்கு இரண்டு நகல் வாங்கிப் போனார்.

பெண்டாட்டிக்கும் வேலை போன பிறகு அடுப்பு எரிய வேண்டுமே. கடைசியில் அவன் போய் நின்றது அந்தச் சுகாதார ஆய்வாளரிடம்தான். அவரும் நல்ல மனுஷர் மாதிரி ஏற்பாடு பண்ணிக் கொடுத்தார். ஊருக்கு வெளியே நகராட்சிக் குப்பைக் கிடங்கு. ஊர்க் குப்பையிலிருந்து இரும்பைத் தனியாக, பித்தளையைத் தனியாகப் பிரிக்கிற வேலை. "உனக்குத்தான் இரும்பு பித்தளை நல்லாத் தெரியுமே" என்றாராம். தினக்கூலி. கையுறை கேட்டால் அடுத்த வருஷம் வரும் என்கிறார்கள்.

பழைய இரும்பு எடுக்க நான் அந்தக் கிடங்குக்குப் போவேன். போன மழை விட்ட பிறகு போனபோது குவியல் மேல் உட்கார்ந்திருந்தான். வாயில் துணி கட்டியிருந்தான். பேசுவதற்காகத் துணியை இறக்கினான், இருமினான், இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் பெண்டாட்டி கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், திரும்பக் குனிந்துகொண்டாள்.

"எப்படிடா இருக்கே?"

"நல்லா இருக்கேன் அண்ணே. இங்க ஒரு சௌகரியம். எதுக்கும் பூட்டே கிடையாது. யார் வேணா வரலாம், போகலாம்."

இரண்டு முறை கூப்பிடுகிறவன் இல்லை என்று சொன்னேனே, அன்று கூப்பிட்டேன். அந்த இருமல் என்னைக் கேட்க வைத்தது. "நான் போட்ட ஆளு சரியில்லைடா. பல்லு வெட்டத் தெரியலை. வந்துரு. உன் பேரையே போர்டுல எழுதறேன்."

அவன் இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினான். தோல் வெந்தது போல உரிந்து, நகத்துக்குள் எல்லாம் கறுப்பாக இருந்தது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"நாறுதுண்ணே. எத்தனை தேச்சாலும் போகமாட்டேங்குது. கடைக்கு வர்ற ஜனம் மூக்கைப் பொத்தும். அப்புறம் அதுக்கு ஒரு கூட்டம் போடுவாங்க."

துணியை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு, எனக்கான இரும்புக் குவியலைக் காட்டினான். நான் எடை போடச் சொல்லி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.